மலை அடிவாரத்துல நைட்டு வண்டி விடலாமா? யாரு எடம் அது? – அடிக்கடி கேக்கற கேள்விங்க (பழைய வடஆற்காடு பக்கம்)

பர்வதமலை, ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்தி பக்கம் ஏறப் போறவங்க நெறைய பேரு என்னைக் கேக்கறது மலையப் பத்தி இல்ல, வண்டியப் பத்தி. ராத்திரி ஏறி காலைல இறங்கறாங்க, இல்லன்னா மொத நாள் சாயங்காலமே வந்து படுத்துட்டு விடியக்காலம் ஏறறாங்க, அதுவரைக்கும் வண்டி எங்க நிக்கும், யாருன்னா ஏதாவது சொல்லுவாங்களா, காசு கேட்டா குடுக்கணுமா, இதான். நான் வேலூர்ல இருக்கேன், இந்த மலைங்களுக்கு வருஷக்கணக்கா போய் வந்துக்கினு இருக்கேன், அம்மா ஊரு போளூர் பக்கம், அதனால வண்டி விடறவன் கஷ்டமும் தெரியும், வண்டி வந்து நிக்கற கொல்லைக்காரன் (எங்க பக்கத்துல கொல்லைன்னா பயிர் வெக்கற நிலம்) கஷ்டமும் தெரியும். ரெண்டையும் வெச்சுதான் எழுதறேன்.

அடிவாரம்னா பொது எடம்தானே, எங்க காலியா இருக்கோ அங்க விட்டா என்ன?

இல்லங்க. நம்ம பக்கத்துல அடிவாரம்னு தனியா ஒரு எடமே கிடையாது. தார் ரோடு முடியற எடத்துலேருந்து காடு ஆரம்பிக்கற எடம் வரைக்கும் ஒரு அரை கிலோமீட்டர் இருக்கும்னு வெச்சுக்கோங்க, அதுக்குள்ளயே நாலஞ்சு பேரு நிலம் வந்துடும். மொதல்ல ஊரு நத்தம், அப்பால ஒருத்தர் பட்டா கொல்லை, நடுவுல வண்டிப்பாதை, பக்கத்துல ஏரிக்கால்வாய், கோயிலுக்கு எழுதி வெச்ச நிலம் கொஞ்சம், மேய்க்கால் புறம்போக்கு கொஞ்சம், அதுக்கு மேல காப்புக்காடு. பாக்கறதுக்கு எல்லாம் ஒரே பொட்டல் மாதிரிதான் இருக்கும், ஏன்னா இங்க வெள்ளாமை மானாவாரிதான், மல்லாட்டை (வேர்க்கடலை) புடுங்கிட்டாங்கன்னா அடுத்த மழை வரைக்கும் நிலம் சும்மாதான் கெடக்கும். அது சும்மா கெடக்குதுன்னு தெரியறது வெளியூர் ஆளுக்கு மட்டும்தான், ஊருல இருக்கற சின்னப் பையனுக்குக் கூட அது யாரு கொல்லைன்னு தெரியும்.

அப்ப எது யாரு நிலம்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

டீக்கடைல கேளுங்க, அதான் மொத வழி. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன், அஞ்சு நிமிஷத்துல பேரோட சொல்லிடுவாங்க, "அது எங்க சித்தப்பா கொல்லைணா, விட்டுக்கோ, வரப்பு மேல மட்டும் ஏத்தாத" அப்படின்னு அனுமதியும் அங்கயே கெடைச்சிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்லருந்தே பாக்கணும்னா தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் நில ஆவண வெப்சைட்டு இருக்கு. அதுல பட்டா சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூணும் பாக்கலாம். நமக்கு இங்க வேண்டியது அ-பதிவேடுதான், சர்வே நம்பர் போட்டா அது ரயத்துவாரி நிலமா (தனி ஆள் பட்டா நிலம்) அரசு புறம்போக்கா, நன்செயா புன்செயா, எவ்ளோ விஸ்தீரணம், யார் பேர்ல இருக்குன்னு காட்டும். சர்வே நம்பர் தெரியலன்னா தமிழ்நிலம் மேப்ல போய் அந்த எடத்தைத் தொட்டா நம்பர் வரும். புல வரைபடத்துல வண்டிப்பாதை தனியா கோடு போட்டிருக்கும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா நீங்க சும்மா மண்ணுன்னு நெனச்சு குறுக்க வண்டி விட்ட எடம் ஒரு தெருவுக்கே பாதையா இருக்கும்.

ஒரு விஷயம், மாவட்டத்தை சரியா செலக்ட் பண்ணுங்க. வடஆற்காடு மாவட்டம் 1989ல ரெண்டா பிரிஞ்சது, அப்புறம் 2019ல வேலூரே மூணா பிரிஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனித்தனி மாவட்டம் ஆயிடுச்சு. பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டம், ஏலகிரியும் ஆலங்காயமும் திருப்பத்தூர், அமிர்தி வேலூர். ஜவ்வாது மலை இந்த மூணு மாவட்டத்துலயும் விரிஞ்சு கெடக்குது, மலை மேல ஜமுனாமரத்தூர் பக்கம்னா திருவண்ணாமலைல தேடணும். பழைய நெனப்புல எல்லாத்தையும் வேலூர்ல தேடினா ஒண்ணும் வராது, நெறைய பேரு அங்கயே வெறுத்து விட்டுடறாங்க.

புறம்போக்குன்னா யாருக்கும் சொந்தமில்லாத எடம்தானே?

இந்த ஒரு வார்த்தையாலதான் பாதி சண்டை வருது. புறம்போக்குன்னா தனி ஆள் பட்டா இல்லாத, வரி போடாத அரசு நிலம், அவ்ளோதான். அதுலயும் ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. மேய்க்கால்னா ஆடு மாடு மேயறதுக்கு, களம்னா கதிர் அடிக்கறதுக்கு, மந்தைவெளின்னா மாடு கூடறதுக்கு, அப்புறம் சுடுகாட்டுப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்கு. களத்துல கேழ்வரகு அடிக்கற சமயத்துல நீங்க காரை நிறுத்திட்டு ராத்திரி முழுக்க மலைல இருந்தீங்கன்னா அந்த குடும்பம் கூலி ஆளுங்களை வெச்சிக்கினு என்ன பண்ணும் சொல்லுங்க. சுடுகாட்டுல தெரியாம விட்டவங்களையும் பாத்திருக்கேன், காலைல ஒரு சாவு வந்து நின்னுடுச்சு, அந்த வீட்டு ஆளுங்க பாடையோட நின்னுக்கினு வண்டிக்காரனைத் தேடினாங்க.

காப்புக்காடு எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குள்ள கொஞ்சம் ஓரமா விட்டா?

எல்லைல வரிசையா கல்லு குமிச்சு வெச்சிருப்பாங்க, சில எடத்துல வெள்ளை அடிச்சு நம்பர் போட்டிருக்கும், பெரிய பாதைல வனத்துறை போர்டு இருக்கும். அந்தக் கல்லுக்கு அந்தாண்ட ஒரு அடி கூட விடாதீங்க. 1882ம் வருஷத்து வனச்சட்டம் இன்னைக்கும் நடைமுறைல இருக்கு, அதுல காப்புக்காட்டுக்குள்ள அத்துமீறி நுழையறது, தீ வெக்கறது எல்லாமே குத்தம். அது போக 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டம் இருக்கு.

நம்ம பக்கத்துக்குன்னு இன்னொரு காரணமும் இருக்கு, அது வெளியூர் ஆளுங்களுக்குப் புரியறதில்ல. ஜவ்வாது மலை சந்தன மரத்துக்கு பேர் போனது, திருப்பத்தூர்ல அரசு சந்தன மரக் கிடங்கே இருக்கு. எவ்ளோ சந்தனக்கட்டை ராத்திரியோட ராத்திரியா இந்த மலைலேருந்து இறங்கியிருக்குன்னு பெரியவங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. அதனால ராத்திரி பதினோரு மணிக்கு காட்டு ஓரமா ஆள் இல்லாம ஒரு கார் நிக்குதுன்னா வனத்துறை வாட்சர் கண்ணுக்கு அது ட்ரெக்கிங் வந்த ஐடி பசங்க கார் மாதிரி தெரியாது, கட்டைய ஏத்திக்கினு போக வந்த வண்டி மாதிரிதான் தெரியும். நம்பரை எழுதிக்குவாங்க, டயர் காத்தை எறக்கி விட்டாலும் விட்டுடுவாங்க, நீங்க இறங்கி வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போன கதையும் உண்டு. அவங்க வேலைய அவங்க பாக்கறாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது.

வெய்யக்காலத்துல இன்னொரு ஆபத்து, காஞ்ச புல்லு மேல சூடான வண்டிய நிறுத்தாதீங்க. ரொம்ப தூரம் ஏறி வந்த வண்டியோட சைலன்சர் காஞ்ச மாந்தம்புல்லைப் பத்த வெக்கற அளவுக்கு சூடா இருக்கும். பிப்ரவரிலேருந்து மே வரைக்கும் இந்த மலைங்க எல்லாமே தீக்குச்சி மாதிரி காஞ்சு நிக்கும்.

ட்ரெக்கிங் பர்மிஷன் வாங்கிட்டேன். அப்ப வண்டியும் நைட்டு நிக்கலாம் இல்ல?

ரெண்டும் வேற வேற. 2018 மார்ச் 11ம் தேதி தேனி குரங்கணில காட்டுத்தீல மாட்டி 23 பேரு செத்துப் போனாங்க, அதுக்கு அப்புறம்தான் அரசு ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதி கொண்டு வந்தது. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு வனத்துறையே 40 பாதைய ஆன்லைன் புக்கிங்கோட தொறந்தாங்க, நம்ம பக்கத்துல ஏலகிரி சுவாமிமலை அதுல ஒண்ணு. நீங்க கட்டற காசு அந்தப் பாதைல அன்னைக்கு கைடோட நடக்கறதுக்கு. வண்டி ராத்திரி நிக்கறதுக்கோ, நீங்க கூடாரம் அடிச்சுப் படுக்கறதுக்கோ இல்ல. புக் பண்ணும்போதே எங்க வந்து சேரணும்னு ஒரு எடம் சொல்லுவாங்க, அந்த எடத்துல வண்டி எங்க விடறதுன்னு கைடுகிட்டயே முன்னாடி நாள் போன்ல கேட்டுடுங்க, அவங்க உள்ளூர் பசங்க, யாரு வீட்டு வாசல்ல விடலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அமிர்தி மாதிரி வனத்துறை டிக்கெட்டு குடுத்து உள்ள விடற எடத்துல சாயங்காலம் கேட்டை சாத்திடுவாங்க, உள்ள மாட்டின வண்டி காலைலதான் வெளிய வரும், அதுக்கு நீங்க யார்கிட்டயும் சண்டை போட முடியாது.

பர்வதமலைக்கு பௌர்ணமி ராத்திரி போறோம், எங்க விடறது?

இதான் அதிகமா வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். மலை சுமார் 4,500 அடி, மேல மல்லிகார்ஜுனர் கோயில், ஏறறதுக்கு ரெண்டு பக்கம் வழி, ஒண்ணு தென்மகாதேவமங்கலம் பக்கம், இன்னொண்ணு கடலாடி பக்கம். கடைசில கடப்பாறைய அடிச்சு வெச்சிருக்கற செங்குத்துப் பாறை, அங்க கூட்டம் நின்னு நின்னுதான் நகரும், அதனால நாலு மணி நேரத்துல ஏறிடுவோம்னு கணக்கு போட்டு வண்டிய விடாதீங்க, நீங்க திரும்ப வர்றது மறுநாள் மதியம் கூட ஆகலாம். மலை ஏற வனத்துறையும் கோயில் நிர்வாகமும் அப்பப்ப நேரக் கட்டுப்பாடு போடுவாங்க, மழைன்னா ஏறவே விட மாட்டாங்க, அதையும் கேட்டுட்டுக் கிளம்புங்க.

இப்ப நான் பண்ண தப்பை சொல்லிடறேன். ரொம்ப வருஷம் முன்னாடி, சித்திரை பௌர்ணமி, நாங்க ஆறு பேரு மூணு வண்டில போனோம். ரோட்டோரம் எல்லாம் வண்டி ரொம்பிடுச்சு. ஒரு கொல்லைல ஏற்கனவே நாலஞ்சு பைக்கு நின்னுக்கினு இருந்துது, நாங்களும் பக்கத்துல விட்டுட்டு ஏறிட்டோம். காலைல பத்து மணிக்கு இறங்கி வந்து பாத்தா கொல்லை வரப்புல ஒரு பாட்டியும் அவங்க பேரனும் டிராக்டரோட நின்னுக்கினு இருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடி கோடை மழை பேஞ்சிருக்கு, அந்த ஈரத்துல ஒரு ஓட்டு ஓட்டிடணும்னு வாடகைக்கு டிராக்டர் சொல்லியிருக்காங்க, மணிக்கணக்குல வாடகை, ஏழு மணிலேருந்து வண்டி சும்மா நிக்குது. பாட்டி ஒரு வார்த்தை திட்டல. "சாமிய பாத்துட்டு வந்தீங்களா கண்ணு, நல்லா தெரிஞ்சுதா" அப்படின்னுதான் கேட்டாங்க. அப்புறம் மெதுவா, "இன்னா பண்றது, ஈரம் காஞ்சி பூட்ச்சி" அப்படின்னாங்க. டிராக்டர் வாடகைய நாங்க ஆறு பேரும் சேர்ந்து குடுத்தோம், பாட்டி வாங்கவே மாட்டேன்னாங்க, பேரன் கைல திணிச்சுட்டு வந்தோம். காசு குடுத்துட்டா ஈரம் திரும்பி வருமா, அந்தப் பட்டத்துக்கு அவங்க ஓட்டறது தள்ளித்தான் போச்சு. அன்னைலேருந்து ஏற்கனவே நாலு வண்டி நிக்குதேன்னு நான் எங்கயும் விடறது இல்ல.

அதனால பௌர்ணமிக்குப் போனா: ஊருக்குள்ள ஆளுங்க நின்னு டோக்கன் குடுத்து காசு வாங்கற கொல்லையா பாத்து விடுங்க, அது நிலத்துக்காரரே ஒத்துக்கிட்ட எடம். போலீஸ் தற்காலிக பார்க்கிங்னு போர்டு வெச்சிருந்தா ஒரு கிலோமீட்டர் நடக்கணும்னாலும் அங்கயே விடுங்க. எப்ப இறங்குவோம்னு சொல்லுங்க, லேட்டாகும்னா அதையும் முன்னாடியே சொல்லுங்க, வண்டி முன்னாடி கண்ணாடில போன் நம்பர் எழுதி வெய்ங்க. மேல பல எடத்துல சிக்னல் கெடைக்காது, அதனால கீழ கடைக்காரர் ஒருத்தர்கிட்டயும் சொல்லி வெக்கறது நல்லது.

எதுக்கு வம்பு, தார் ரோட்டு ஓரமாவே விட்டா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?

கேப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127, பொது எடத்துல ஆள் இல்லாம பத்து மணி நேரம் அல்லது அதுக்கு மேல வண்டி நின்னா, இல்ல தடை பண்ண எடத்துல நின்னா, யூனிஃபார்ம்ல இருக்கற போலீஸ் அதிகாரி அதைத் தூக்கிட்டுப் போகவோ வீல் லாக் போடவோ உத்தரவு போடலாம், செலவு உங்க தலைல. பத்து மணி நேரம்னா பெருசா தெரியும், ராத்திரி எட்டுக்கு விட்டுட்டு காலைல ஆறுக்கு கணக்கு முடிஞ்சுது.

சட்டத்தை விட அங்க இருக்கற நெலமைய யோசிச்சுப் பாருங்க. அடிவார ரோடெல்லாம் ஒத்தை வண்டி போற ரோடு, டவுன் பஸ் திரும்பறதுக்கே ஒரு ஆலமரத்தடியோ கோயில் முன்னாடியோதான் எடம் இருக்கும். அந்தத் திருப்பத்துல ரெண்டு கார் நின்னா காலைல மொத பஸ் ஊருக்குள்ளயே வராம போயிடும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும். மலைல யாராவது விழுந்து 108 வந்தா அதுவும் உள்ள வர முடியாது, விழுந்தது உங்க கூட்டாளியாவே இருக்கலாம்.

காசு கேக்கறாங்க, ரசீது தர மாட்டேங்கறாங்க. குடுக்கணுமா?

யாரு கேக்கறாங்கன்றதைப் பொறுத்தது. பட்டா நிலத்துக்காரர் அவர் நிலத்துல விட்டதுக்கு காசு வாங்கலாம், அது அவருக்கும் உங்களுக்கும் நடக்கற பேச்சு, இஷ்டம் இல்லன்னா வேற எடம் பாக்கலாம். ஊராட்சின்னா, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 படி வண்டி நிக்கற எடம் ஏற்படுத்தி கட்டணம் வாங்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, பழைய பேச்சுல வண்டிப்பேட்டைன்னு சொல்லுவாங்களே அதான், பெரும்பாலும் ஏலம் விட்டு ஒரு ஆள் எடுத்திருப்பாரு. அவர் ரசீது குடுத்தாகணும், ரசீதுல ஊராட்சி பேரு, தொகை இருக்கணும். கோயில் நிர்வாகம் வாங்கினா அதுக்கும் ரசீது உண்டு. இது எதுவும் இல்லாம ரோட்டுல நாலு பசங்க கயிறு கட்டி வெச்சிக்கினு கேட்டா குடுக்க வேண்டிய கடமை இல்ல, ஆனா ராத்திரி நேரத்துல அங்க சட்டம் பேசிக்கினு நிக்காதீங்க, வண்டிய திருப்பிக்கினு வேற எடம் போங்க, காலைல ஊராட்சி ஆபீஸ்ல சொல்லலாம்.

ஐம்பது ரூபா கேட்டா கொள்ளைன்னு கத்தறவங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்ல. மாசத்துல ஒரு ராத்திரி வர்ற அந்தக் காசுதான் சில வீட்ல அடுத்த விதை மல்லாட்டைக்கு ஆகுது.

கோயில் நிலம்னா பக்தருங்க விடலாம்தானே?

கோயில் நிலம் கோயிலோட சொத்து, அறநிலையத்துறை 1959 சட்டத்து கீழ நிர்வாகம் பண்றாங்க, நெறைய நிலம் குத்தகைக்கு விட்டு ஒரு குடும்பம் பயிர் வெச்சிக்கினு இருக்கும். கோயில் முன்னாடி ஒதுக்கி விட்ட எடத்துல விடுங்க, குத்தகை நிலத்துல குத்தகைக்காரரைக் கேட்டுட்டு விடுங்க.

ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர் பக்கம் கார்ல போய் தங்கி நடக்கணும்னு ஆசை, அங்க நிலம் யாருது?

மலை மேல இருக்கறவங்க மலையாளி பழங்குடி மக்கள் (கேரளா இல்லைங்க, மலைல ஆளறவங்கன்னு அர்த்தம் சொல்லுவாங்க). சாமை, தெனை, பலா, புளி, கடுக்கா, இதான் அவங்க பொழப்பு. அங்க நிலம் ரெண்டு மூணு விதம். பட்டா நிலம் இருக்கு. அரசு ஒப்படை பண்ண (அரசே எழுதிக் குடுத்த) நிலம் இருக்கு, அதை வெளியாளுக்கு விக்கறதுக்குக் கட்டுப்பாடு உண்டு. மூணாவது 2006 வன உரிமைச் சட்டத்துல உரிமை குடுத்த நிலம், ஒரு குடும்பத்துக்கு 4 ஹெக்டேருக்கு மேல போகாது, புள்ளைங்களுக்கு வரும், ஆனா விக்கவோ மாத்திக் குடுக்கவோ முடியாது, அது அவங்க குடியிருக்கவும் வெள்ளாமை பண்ணவும் குடுத்தது. யாராவது புரோக்கர் வந்து "சார் கேம்ப் சைட்டுக்கு நிலம் இருக்கு, கார் பார்க்கிங்கோட முடிச்சுத் தர்றேன்" அப்படின்னா அங்கேருந்து நகந்துடுங்க, அந்த நிலம் இந்த மூணுல எதுன்னு அவன் சொல்ல மாட்டான்.

ஊருக்குள்ள போனா ஊர்க் கவுண்டரையோ (ஊர்த் தலைவர்) பெரியவங்க யாரையாவதையோ பாத்து, "ஐயா, ராத்திரி வண்டி இங்க நிக்கட்டுமா, காலைல எடுத்துடறோம்" அப்படின்னு கேளுங்க. அங்க நான் கேட்டு இல்லன்னு சொன்னதே கெடையாது, பல தடவை வீட்டு வாசல்லயே விட சொல்லி, குடிக்கத் தண்ணியும் குடுத்திருக்காங்க. கேக்காம சாமைக் கொல்லைல விட்டவன் வண்டி மேல கல்லு விழுந்ததும் நடந்திருக்கு.

காவலூர் பக்கம் நிறுத்தறவங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கு, 1986லேருந்து ஓடற 2.3 மீட்டர் டெலஸ்கோப் இருக்கு, அந்த எடத்தைத் தேர்ந்தெடுத்ததுக்கு வானம் இருட்டா இருந்ததும் ஒரு முக்கியமான காரணம். ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டுட்டு உக்காந்து சமைக்கறது, காரு மேல எல்ஈடி பார் எரிய விடறது வேணாம். நட்சத்திரம் பாக்கறதுக்குத்தானே அவ்ளோ தூரம் போறீங்க, உங்களுக்கும் இருட்டுதான் வேணும்.

ஏலகிரில?

மேல ஊரே இருக்கு, லாட்ஜு ரிசார்ட்டு எல்லாம் இருக்கு, தங்கற எடத்துலயே வண்டிய விட்டுட்டு காலைல மங்கலம் பக்கம் போய் சுவாமிமலை ஏறிட்டு வாங்க. 14 கொண்டை ஊசி வளைவுல எந்த வளைவுலயும் ராத்திரி வண்டி விடாதீங்க, வியூ நல்லா இருக்குன்னு ஓரங்கட்டி சீட்டை சாச்சுப் படுக்கறவங்க இருக்காங்க, மேலேருந்து இறங்கற லாரிக்கு அந்த வளைவுல நீங்க தெரிய மாட்டீங்க.

கார்லயே படுத்துத் தூங்கலாமா?

நிலத்துக்காரர் சரின்னு சொன்ன எடத்துலயோ பார்க்கிங்குக்குன்னு விட்ட எடத்துலயோ படுக்கலாம், அதுக்கு எந்தத் தடையும் இல்ல. ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டுட்டு கண்ணாடிய ஏத்திக்கினு மட்டும் தூங்காதீங்க, புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடுவான். கண்ணாடிய கொஞ்சம் இறக்கி கொசுவலை மாட்டுங்க. போலீஸோ வனத்துறையோ வந்து தட்டினா உள்ள லைட்டைப் போட்டு, ஆதார், ஆர்.சி. காட்டி எங்க போறோம்னு சொன்னா முடிஞ்சுது. பாட்டிலு, பிளாஸ்டிக் தட்டு, காலைக்கடன், இது மூணும்தான் கொல்லைக்காரங்களை ரொம்ப நோகடிக்குது. உடைஞ்ச பாட்டில் மண்ணுக்குள்ள போய் களை எடுக்கற பொம்பளைங்க கால்ல ஏறுது. செருப்பு இல்லாமதான் அவங்க கொல்லைல இறங்குவாங்க.

ஏரி காஞ்சு கெடக்கு, ஆத்துல மணல் கெட்டியா இருக்கு, அங்க விடலாமா?

வேணவே வேணாம். செய்யாறும் நாகநதியும் ஜவ்வாது மலைலேருந்துதான் இறங்குது. நீங்க நிக்கற எடத்துல ஒரு தூறல் கூட இருக்காது, மேல காட்டுல ரெண்டு மணி நேரம் கொட்டினா விடியறதுக்குள்ள தண்ணி வந்துடும். ஐப்பசி கார்த்திகைல இன்னும் மோசம். ஏரி உள்வாய்ல மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடில களிமண்ணு, ஒரு மழைக்கு வீல் பாதி உள்ள போயிடும், டிராக்டர் வந்தும் எடுக்க முடியாம ரெண்டு நாள் நின்ன காரைப் பாத்திருக்கேன்.

திரும்பி வந்தா நிலத்துக்காரர் வண்டியச் சுத்தி முள்ளு போட்டு மறிச்சிருக்காரு. என்ன பண்றது?

மொதல்ல மன்னிப்பு கேளுங்க, அவர் நிலத்துல கேக்காம விட்டது நீங்க. வரப்பு இடிஞ்சிருந்தா, சொட்டுநீர்க் குழாய் நசுங்கியிருந்தா, அதுக்கு உண்டான காசைக் குடுங்க, சொட்டுநீர் பைப்பெல்லாம் மானியத்துல போட்டிருப்பாங்க, மறுபடியும் போட கைக்காசுதான். அதுக்காக வண்டிய புடிச்சு வெச்சிக்கினு ஆயிரக்கணக்குல கேக்க அவருக்கும் உரிமை இல்ல, அப்படி ஆச்சுன்னா 112க்கு போன் பண்ணுங்க, இல்ல வி.ஏ.ஓ.வைக் கூப்பிடுங்க. ஆனா பத்துக்கு ஒம்போது தடவை "பெரியப்பா, தப்பு எங்களுதுதான்" அப்படின்னு சொன்ன அடுத்த நிமிஷம் முள்ளை அவரே எடுத்துடுவாரு.

டோக்கன் போட்டு விட்ட வண்டி திருடு போனா யாரு பொறுப்பு? "பொறுப்பல்ல"ன்னு போர்டு இருக்கே?

சாவிய அவங்க கைல குடுத்து விட்டீங்களா, நீங்களே பூட்டிக்கினு போனீங்களான்றது பெரிய வித்தியாசம். சாவிய வாங்கி வெச்சுக்கிட்டா வண்டி அவங்க பொறுப்புல வருது, நியாயமான ஜாக்கிரதையோட பாத்துக்கணும்னு 1872 ஒப்பந்தச் சட்டமே சொல்லுது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் ஒரு ஓட்டல் கார் பார்க்கிங் வழக்குல, பொறுப்பல்லன்னு டோக்கன்ல அச்சடிச்சுட்டா மட்டும் தப்பிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. நீங்களே பூட்டி சாவிய எடுத்துக்கினு போயிட்டா, சும்மா எடத்துக்குத்தான் காசு குடுத்தீங்கன்னு ஆகும், கேக்கறது கஷ்டம். நடைமுறைல உங்களைக் காப்பாத்தறது முழு இன்சூரன்ஸ்தான், தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா திருட்டுக்கு ஒண்ணும் வராது. டோக்கனைப் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

நாங்க அடிவாரத்து ஊர்க்காரங்க. எங்க கொல்லைல பார்க்கிங் நடத்தலாமா?

உங்க பட்டா நிலம்னா நடத்தலாம், நடத்தணும்னுதான் நான் சொல்லுவேன். ஏரிப் புறம்போக்கையும் காப்புக்காட்டு ஓரத்தையும் சேத்து வளைச்சுடாதீங்க, அது ஆக்கிரமிப்பு ஆயிடும். நொழையற வழியும் வெளிய போற வழியும் தனித்தனியா விடுங்க, ரேட்டை பெருசா போர்டுல எழுதிடுங்க, ஒரு குப்பைத் தொட்டி, ஒரு தண்ணி டிரம், முடிஞ்சா பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை. ஊர்ப் பொது எடத்துல பண்ணணும்னா கிராம சபைல பேசி தீர்மானம் போட்டு ஊராட்சி மூலமா பண்ணுங்க, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எப்படியும் சபை கூடும். ஆவணி, கார்த்திகை, மார்கழி கூட்டத்துக்கு முன்னாடியே பேசி வெச்சுட்டா அன்னைக்கு ராத்திரி சண்டை இருக்காது.

வண்டியே இல்லாம போக முடியாதா?

முடியும், பர்வதமலைக்கு நான் இப்ப அப்படித்தான் போறேன். காட்பாடி – விழுப்புரம் லைன்ல போளூர் ஸ்டேஷன் இருக்கு, வேலூர்லேருந்து பஸ்ஸும் போளூருக்கு நெறைய ஓடுது. பைக்கை வேலூர்லயே டூவீலர் ஸ்டாண்டுல போட்டுட்டு போளூர்ல இறங்கி அங்கேருந்து டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ புடிச்சா அடிவாரம் வந்துடும். திரும்பறதுக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு ஏறும்போதே கண்டக்டரைக் கேட்டுக்கோங்க. பௌர்ணமி மட்டும் பஸ் கூட்டமா இருக்கும், மதியமே கிளம்பிடுங்க.